நாற்பத்தொன்றாம் குழாய்

மொல்யேபம்பா,
அக்டோபர் 11

சூல்மா அக்காவுக்கு,

நீ பெயர்ப் பட்டியலைத் திறந்து பார்த்திருக்கிறாய்.

நாங்கள் இருக்கிறோம். நீ ஆராய்ச்சி செய்யும் அந்தக் குளிர் ஊரில் நீயும் நலமாக இரு. கைபேசி எந்நேரமும் தம்பி லிம்பெர் கையில் இருப்பதால் காகிதத்தில் எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் பள்ளிக்கூட முற்றத்தில் நீ பேசியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "வின்சூக்கா பூச்சி நம்ம எல்லாரையும் கடிச்சிருக்கு. ஆனா பத்துல மூணு பேருக்குத்தான் இதயம் வீங்கும். அது யாருன்னு ரத்தத்துல ஓடுற மைக்ரோ ஆர்.என்.ஏ.ங்கிற துணுக்கு முன்கூட்டியே காட்டிக்கொடுக்கலாம்" என்றாய். பெரியவர் தோன் செராப்பியோ எழுந்து, "ரத்தத்துக்குள்ளயும் காட்டிக்கொடுக்கிறவன் இருக்கானா? நம்ம சங்கத்துல மட்டுந்தான்னு நெனச்சேன்" என்றார். ஊரே சிரித்தது. சிரித்த வாயோடு நூற்றுப்பன்னிரண்டு பேர் ரத்தம் கொடுக்கக் கையை நீட்டினார்கள்.

முடிவு ஒவ்வொருவருக்கும் வரும் என்றாய். உன் கட்டுரைதான் வந்தது. நகரத்து டாக்டர் படித்துச் சொன்னார். அதிலிருந்த படம் முழுக்க ஆளுக்கொரு புள்ளி. ஒரு புள்ளிக்கும் பெயர் இல்லை, எண் இல்லை. 'கூடும்' என்ற சொல் மட்டும் நிறைய இருந்ததாம். அந்தத் துணுக்கை மருந்தால் அடக்கினால் இதயம் கெடுவது நிற்கக்கூடும், எலிகளில் நின்றிருக்கிறது என்றார். எலிகளுக்காவது ஏதோ கிடைத்தது.

உன்னிடம் கேட்டேன். "எந்த எண் யாருன்னு காட்டுற பட்டியல் பூட்டுல இருக்குடி. இன்னும் உறுதியாகாத விஷயம், யாருக்கும் சொல்லக் கூடாது" என்றாய். நம்பினேன். ஜூலையில் எவுசேபியாவின் மகன் உருளைக்கிழங்கு மூட்டையோடு வரப்பில் விழுந்தான், எழவே இல்லை. முப்பத்துநான்கு வயது. அவனும் உனக்குக் கை நீட்டியவன்தான்.

போன மாதம் லிம்பெருக்கு மட்டும் கைபேசியில் குரல் அனுப்பினாய். "தம்பி, மூட்டை தூக்காத. காரணம் கேக்காத. நகரத்துக்குப் போய் இதய டாக்டரப் பாரு." அதைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. பூட்டு உன் தம்பிக்காக மட்டும் திறந்திருக்கிறது.

லிம்பெர் லாரிக்கு மூட்டை ஏற்றப் போவதில்லை. வாசலில் உட்கார்ந்து நெஞ்சில் கையை வைத்து எண்ணிக்கொண்டிருக்கிறான். செராப்பியோ, "என்னடா, உள்ள கோழிக்குஞ்சா வளக்குற?" என்று கேட்டால்கூடச் சிரிப்பதில்லை. நகரத்து டாக்டர் இதயத்தில் ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார். இவன் நம்பவில்லை. "சூல்மாக்கா சும்மா சொல்லமாட்டா" என்கிறான்.

இனி எழுதப்போவதை யாரிடமும் நான் சொன்னதில்லை.

அன்று ஊருக்கு நம்பிக்கை வரட்டும் என்று லிம்பெரைத்தான் முதலில் உட்கார வைத்தாய். நீ கலைத்துப் போட்ட ஒட்டுச்சீட்டுகளில் அவனுக்கு வந்தது நாற்பத்தொன்று. ரத்தம் எடுத்தது நான்; அவசரத்தில் குழாயைக் குலுக்கிவிட்டேன். இயந்திரத்தில் சுழற்றி எடுத்தபோது மேலே வைக்கோல் நிறத்தில் நிற்க வேண்டிய நீர் சிவந்து கிடந்தது. சிவந்தால் அணுக்கள் உடைந்துவிட்டன, கணக்கு பொய்யாகும், எறிந்துவிடு என்பது நீ சொல்லிக்கொடுத்ததுதான். அவன் அதற்குள் லாரியேறிப் போய்விட்டான். வெளியே ஊர் நின்று ஒவ்வொரு குழாயும் பெட்டிக்குள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. தம்பியின் குழாய் பெட்டியில் இல்லையென்றால், "தன் வீட்டு ரத்தம் வேணாம், நம்ம ரத்தம்தான் வேணுமா?" என்று கேட்டிருப்பார்கள். கேட்டுவிட்டுக் கலைந்தும் போயிருப்பார்கள்.

மருந்து அறைக் கதவைச் சாத்தினேன். என் கையில் நானே ஊசி குத்தி எடுத்தேன். குழாயில் நாற்பத்தொன்றை ஒட்டினேன். பணியாளர் ரத்தம் சேர்க்கக் கூடாது என்பது உன் விதி. அதனால் எனக்கென்று எண் கிடையாது.

லிம்பெரிடம் நாளைக்குச் சொல்லிவிடுவேன். திட்டுவான். பிறகு மூட்டை தூக்கப் போவான். அதன் பிறகு இந்த வீட்டில் நெஞ்சில் கை வைக்க நான் ஒருத்திதான். தடுப்பூசிப் பெட்டியோடு மேட்டுத்தெருவுக்கு முன்பு ஒரே மூச்சில் ஏறுவேன். இப்போது இரண்டு இடத்தில் நிற்கிறேன். கேட்டால், செருப்பில் கல் என்கிறேன்.

இறந்தோர் நாளுக்கு மூன்று வாரம் இருக்கிறது. மகனுக்குப் படைக்கும் ரொட்டிப் பொம்மைக்கு எவுசேபியா மாவு வாங்கி வைத்துவிட்டாள். அன்று அவள் மேசை முன்னால் ஊரே உட்காரும். தன் மகனின் புள்ளி எங்கே இருந்தது என்று அவள் என்னைத்தான் கேட்பாள். ஊசி பிடித்த கை என்னுடையது. நான் என்ன சொல்ல?

கடவுள் உன்னைக் காக்கட்டும், அக்கா. உன்மேல் கோபம் இருக்கிறது. நீ வேண்டாமென்று இல்லை. தம்பிக்கு அனுப்பிய அந்தக் குரலை நான் தனியாகப் பலமுறை கேட்டுவிட்டேன். அதில் நீ அழுகிறாய்.

பட்டியலை ஊருக்குத் திற. மிச்சமிருக்கும் அத்தனை பேருக்கும் சொல். நாற்பத்தொன்றுக்கு வந்த முடிவை, மேலே என் பெயரைப் போட்டு, எனக்கு எழுது.

உன் தங்கை,
நில்டா