ஓசூரிலிருந்து வந்த கைடு

9-3-98, திங்கள்

வெயில் இப்பவே தலையைப் பிளக்குது. குழாயில் வெறும் காற்று. நேத்து பிடிச்ச ரெண்டு குடத்தில் இன்னிக்கு ஓட்டியாச்சு.

பேத்தி மஞ்சுவுக்குப் பரீட்சை இன்னும் பதினாலு நாள். ஏழாவது, பப்ளிக். பாஸானாத்தான் எட்டாவது, ஹைஸ்கூல்.

ஆம்பூரிலிருந்து இன்லேண்டு. மாப்பிள்ளை பேருக்கு, அவர் அக்கா எழுதினது. ஓரம் லேசா விட்டிருந்தது. படிச்சேன். "மஞ்சு ஃபெயிலானா திரும்ப ஏழாவது போட்டு வீணாக்காதே தம்பி. இங்கே அனுப்பிடு. ரெட்டைப் பிள்ளைங்களைப் பார்த்துக்க ஆளில்லாம ஷூ கம்பெனிக்கு லீவு மேல லீவு போடறேன்."

போன மாசமும் இதையே நேரில் கேட்டா. மாப்பிள்ளை "பார்க்கலாம்க்கா"ன்னார். அவர் பார்க்கலாம்னா சரின்னு அர்த்தம். பன்னெண்டு வயசுப் பிள்ளை இன்னொருத்தி வீட்டில் பீத்துணி அலசணுமாம். என் மகள் வசந்தா வாயே திறக்கல. அவ எங்கே திறப்பா, காலை ஆறேகாலுக்கு பொம்மசந்திரா கம்பெனி பஸ், ராத்திரி வந்தா முதுகைப் பிடிச்சுக்கிட்டு உட்காருவா.

கடுதாசியை ஓரம் ஒட்டி அலமாரி மேல வச்சேன்.

11-3, புதன்

மத்த பாடமெல்லாம் கரையேறிடும். சமூக அறிவியல்தான் பயம். காரணம்:

1. டிசம்பரில் மஞ்சள்காமாலை, நாற்பது நாள் பள்ளிக்கூடம் போகல.
2. அந்தப் பாடத்து மிஸ் பிரசவ லீவு. பதில் ஆள் வரல.
3. தமிழ் மீடியம் புத்தகம் இந்த வருஷம் மூணு பிள்ளைக்கு ஒண்ணு. நம்ம முறை புதன், ஞாயிறு.

அதுக்குத்தான் கைடு. மர்பி டவுனில் கிடைக்கல, சிவாஜி நகரில் கிடைக்கல. மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலை, லாரி ஷெட்டில், வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். அவரையே கேட்டேன். மறு வாரமே கொண்டாந்தார். புத்தம் புதுசு, தமிழில், ஏழாம் வகுப்புன்னு பெரிசா போட்டு.

அஞ்சு வாரமா ஓட்டறோம். அவ படிப்பா, நான் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே கேட்பேன். எனக்கு ஒரு தடவை கேட்டாப் போதும். நான் நாலாவதுதான், அதுவும் பாதி. ஆனா காதில் விழுந்தது போகாது. நல்லதும் போகாது, கெட்டதும் போகாது.

இன்னிக்கு குடவோலை முறை. ஓலையில் பேர் எழுதி, குடத்தில் போட்டு, சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வாங்களாம். சோழர் காலத்து எலக்‌ஷன். எனக்கு ரொம்பப் பிடிச்சது. இவளுக்கு மூணு தடவை கேட்டும் வரல.

"எங்கேடி பார்க்கிறே?"
"ஒண்ணுமில்ல ஆயா."

கைடை என் கையில் கொடுத்துட்டு, பள்ளிக்கூடத்துப் புத்தகத்தை மடியில் வச்சுக்கிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து முணுமுணுக்கிறா. சோம்பேறின்னு திட்டினேன்.

கால் வீக்கம். உப்பு குறைக்கணும்.

14-3, சனி

சாயங்காலம் மாப்பிள்ளை வந்தார். செருப்பு கழட்டும்போதே, "கைடு உபயோகமா இருக்கா அத்தை?"

"இருக்கு. பாண்டியர் வரைக்கும் முடிச்சாச்சு."

"அடுத்த வாரம் கணக்குக்கும் ஒண்ணு பார்க்கட்டா?"

"வேணாம். கணக்கு அவளே போடுவா."

அவ்வளவுதான் பேச்சு. ஆனா இதுவே பெரிசு. மஞ்சு பிறந்தப்ப பொம்பளைப் பிள்ளைன்னு தெரிஞ்சு பதினோராம் நாள் வந்தவர் இவர். வியாழக்கிழமை, மத்தியானம் ரெண்டு மணி, கையில் ஒரு பன் பாக்கெட். அன்னியிலிருந்து, இந்தக் கைடு கேட்கிற வரைக்கும், நேராப் பேசினதில்ல. "காபி ஆறுதுன்னு சொல்லு." "சோறு போதும்னு சொல்லு." எல்லாம் மஞ்சு மூலமா. பேச ஆரம்பிச்ச நாள் முதலே தபால்காரி வேலை அவளுக்கு.

இன்னிக்கு நாங்க பேசறப்ப அவ நோட்டில் தலையைக் கவுத்துக்கிட்டு தனக்குத்தானே சிரிச்சா. எதுக்குன்னு கேட்டா சொல்லல.

கடுதாசியைப் படிச்சார். மடிச்சு சட்டைப் பையில் வச்சார்.

18-3, புதன்

எழுத்து கோணலா வருது.

ஹால் டிக்கெட்டுக்குப் பெரியவங்க கையெழுத்து வேணும்னு பள்ளிக்கூடம் போனேன். வராண்டா போர்டில் சமூக அறிவியல் மாதிரிக் கேள்வி எழுதிப் போட்டிருந்தாங்க. நின்னு படிச்சேன். சாளுக்கியர், ஹொய்சாளர், விஜயநகரம், பாமினி. பத்து கேள்வி. பத்தில் ஒண்ணுகூட கைடில் இல்ல. எனக்கு மறதி இல்ல. இல்லன்னா இல்லதான்.

கைடு கூடையில்தான் இருந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் மேசையில் வச்சேன். முதல் பக்கத்தைப் பார்த்ததுமே மூக்குக்கண்ணாடியைக் கழட்டினாங்க.

"அம்மா, இது தமிழ்நாட்டுப் பாடம். நம்ம பிள்ளைங்க தமிழில் படிச்சாலும் பாடம் கர்நாடகாவோடது. எங்கே வாங்கினீங்க, ஓசூரா?"

"ஆமா."

"வருஷா வருஷம் யாராவது இப்படித்தான் செய்றாங்க. தமிழ் எழுத்தைப் பார்த்ததும் நம்மதுன்னு வாங்கிடறாங்க."

முப்பத்தஞ்சு வருஷமா இந்த ஊர். இது தோணலையே எனக்கு. அஞ்சு வாரம். அல்சூர் வரைக்கும் வந்துட்டேன், வீட்டுப் பக்கம் திரும்பாம. பின்னே வந்த பாதையிலேயே திரும்பி நடந்தேன்.

19-3, வியாழன்

காலையில் கேட்டேன். திட்டல. திட்ட சக்தி இல்ல.

"உனக்குத் தெரியுமாடி?"
"தெரியும் ஆயா."
"எப்பலேர்ந்து?"
"அப்பா கொண்டாந்த அன்னிக்கே."
"வாயில் என்ன கொழுக்கட்டையா?"

கால் நகத்தைப் பார்த்தா. அப்புறம், "நீ அப்பாகூட பேசினே. கைடு தப்புன்னு சொன்னா சண்டை போடுவே. திரும்பவும் பேச மாட்டே."

கையில் இருந்த கரண்டியைக் கீழே வச்சேன்.

"புதனும் ஞாயிறும் நம்ம புத்தகத்தை நானே படிச்சேன் ஆயா. பாதி வந்திருக்கு. அப்பாகிட்ட சொல்லாதே. சத்தியம் பண்ணு."

சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன்னேன். சொல்ல மாட்டேன்னும் சொன்னேன்.

பாதி. பதினோரு நாள். சமூக அறிவியல் கடைசிப் பரீட்சை, யுகாதி கழிஞ்சு, முப்பதாம் தேதி. அது ஒண்ணுதான் நல்ல காலம்.

20-3, வெள்ளி

போகக் கூடாதுன்னு வச்சிருந்த வாசலுக்குப் போனேன். பக்கத்து வீட்டு ஜெயம்மா. அவ பொண்ணு போன வருஷம் ஏழாவது பாஸ், கன்னட மீடியம். பாடம் ஒண்ணுதானே. அந்தப் பொண்ணோட கைடு இருக்கும்.

ஜெயம்மா தொண்ணூத்திரண்டு ஏப்ரலில் குழாயடியில் வரிசையில் இருந்த என் குடத்தை நகர்த்திவிட்டவ. ஆறு வருஷம் பேச்சில்ல. அதுக்கு முன்னாடி, தமிழாளுங்களைத் தேடி அடிச்ச கலாட்டா நேரத்தில் எங்களை அவ வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டி, வந்தவங்களை வாசலோட அனுப்பினவளும் அவதான். அது வேற. குடம் வேற.

"ஒளகே பன்னி"ன்னு உள்ளே கூப்பிட்டா, நேத்துதான் பார்த்த மாதிரி. விஷயம் சொன்னேன். பரண் மேலேறி எடுத்தா. கரப்பான் எச்சம் தட்டிக் கொடுத்தா.

"கன்னடம் ஓதத் தெரியாதே அக்கா உங்களுக்கு. யாரு படிக்கிறது?"
"நீ படி. நான் கேட்டுக்கறேன்."
"முழுசுமா?"
"ஒரு தடவை போதும்."

சிரிச்சா. படிக்க ஆரம்பிச்சா. முதல் பாடம் முடிஞ்சதும் நான் திருப்பிச் சொன்னேன், வருஷம் உட்பட. சிரிப்பு நின்னுபோச்சு.

கிளம்பறப்ப அவளே சொன்னா, "அந்தக் குடம் ஓட்டை அக்கா. ஒழுகி எல்லார் காலும் நனைஞ்சுது, அதான் நகர்த்தினேன்."
"ஓட்டை இல்ல. விளிம்புதான் கோணல்."
"ஆயித்து, கோணலே வச்சுக்கோங்க."

22-3, ஞாயிறு

மாப்பிள்ளைக்கு ஓவர்டைம், வரல. நல்லதாச்சு.

ரெண்டு நாளா மத்தியானம் ஜெயம்மா வீடு. அவ கன்னடத்தில் படிப்பா, நான் வீட்டுக்கு வந்து இவகிட்ட தமிழில் சொல்வேன், இவ எழுதுவா. ஆறு பாடம் ஆச்சு. பேசிப் பேசி தொண்டை கட்டிப்போச்சு. மிளகு கஷாயம்.

வசந்தா கேட்டா, "என்னம்மா திடீர்னு ஜெயம்மாகூட?" இட்லிப் பானை கேட்கப் போனேன்னேன். இட்லிப் பானை நம்ம வீட்டிலேயே ரெண்டு இருக்குன்னா. பேசாமப் படுன்னேன்.

23-3, திங்கள்

தமிழ். நல்லா எழுதினாளாம். வாசலில் ரெண்டரை மணி நேரம் நின்னேன். உட்கார இடமில்ல.

24-3, செவ்வாய்

கன்னடம். கட்டுரை "நம்ம ஊர்." எழுதிட்டேன்னா. மத்தியானம் தலைவலி, படிக்கல. நானும் வற்புறுத்தல.

27-3, வெள்ளி

இங்கிலீஷ், கணக்கு, சயின்ஸ் முடிஞ்சது. கணக்கில் ஒண்ணு விட்டுட்டா. சயின்ஸ் சுமார். இவ கண்ணுக்குக் கீழே கருவளையம். பன்னெண்டு வயசுக்கு இது ஆகாது.

சமூக அறிவியல் பாக்கி ரெண்டு பாடம். விஜயநகரம் சொல்றப்ப எனக்கே நடுவில் வருஷம் தடுமாறிச்சு. இந்த வயசு வரைக்கும் அப்படி ஆனதில்ல. பயந்துட்டேன். அவதான் எடுத்துக் கொடுத்தா: "ஆயிரத்து ஐந்நூத்தி அறுபத்தஞ்சு, ஆயா. தலைக்கோட்டை."

28-3, சனி, யுகாதி

ஜெயம்மா ஒப்பட்டு, நம்ம போளிதான், கொடுத்தனுப்பினா. மாப்பிள்ளை வந்தார். கூடவே, சொல்லாம கொள்ளாம, ஆம்பூர்க்காரி. கையில் காலி ட்ராவல் பேக்.

ஒரு வாய் தண்ணி குடிச்சதும் ஆரம்பம். "திங்கக்கிழமை பரீட்சை முடியுதாம்ல? அன்னிக்கே கூட்டிக்கிட்டுப் போறேன். லீவுக்கு."

"ரிசல்ட் வரட்டும்"னு வசந்தா சொன்னா. பரவாயில்ல, வாய் இருக்கு.

"ரிசல்ட் வந்துதான் தெரியணுமா? நாற்பது நாள் படுத்த பிள்ளை. புத்தகமே இல்லாம படிச்ச பிள்ளை. எங்க வீட்டுக்கு வந்தா வேளைக்குச் சோறாவது திங்கும். நீ என்ன தம்பி சொல்றே?"

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். "பார்க்கலாம்"ங்கிற வார்த்தை வாய்வரைக்கும் வந்துடுச்சு, எனக்குத் தெரிஞ்சுது. கைடு விஷயத்தை எடுத்து அவர் மூஞ்சியில் விட்டெறியணும்னு நாக்கு துடிச்சது. பன்னெண்டு வருஷத்துக்கும் சேர்த்து ஒரே எறி. மஞ்சு சமையலறை வாசலில் நின்னு என்னையே பார்த்தா.

நான் சொன்னேன்: "இந்தப் பிள்ளை ஃபெயிலானா அது நான் ஃபெயிலானது. தப்பான புத்தகத்தை வச்சு அஞ்சு வாரம் ஓட்டினவ நான். எந்த ஊர்ப் பாடம்னு பார்க்காம கேட்டு வாங்கினவ நான். ஆம்பூருக்கு யாராவது போகணும்னா நான் வரேன். பேக்கில் என் துணியை வை. ரெட்டைப் பிள்ளையை நான் பார்த்துக்கறேன்."

ஆம்பூர்க்காரி, "நீங்களா அத்தை?"ன்னா.

"ஏன்? அஞ்சு பெத்து மூணு வளர்த்தவ. உன் கல்யாணத்தில் எனக்குக் கடைசிப் பந்தியில் இலை போட்டியே, அதைப் பத்தியும் பேசிக்கிட்டே பார்த்துக்கறேன்."

வசந்தா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வச்சுக்கிட்டா. மாப்பிள்ளை சிரிக்கல.

"எந்தப் புத்தகம் தப்பு?"ன்னார் மெதுவா.

அலமாரியில் இருந்த கைடை அவரே எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். மஞ்சுவைப் பார்த்தார். அவ கண்ணில் தண்ணி முட்டிக்கிட்டு நின்னுச்சு.

"வாங்கிட்டு வந்தது நான்தானே அத்தை."

"கேட்டது நான்."

கைடைத் திரும்ப அலமாரியில் வச்சார். அப்புறம் அக்காகிட்ட, "மஞ்சு வரமாட்டாக்கா. ஃபெயிலானா திரும்ப எழுதுவா. வேற ஆள் பாரு."

"பார்க்கலாம்னியேடா!"

"பார்த்துட்டேன்."

ஒப்பட்டு ரெண்டு தின்னுட்டுத்தான் கோவிச்சுக்கிட்டா.

29-3, ஞாயிறு

காலை ரயிலுக்கு அவ போயிட்டா. சொல்லிக்கிட்டுப் போகல. மறக்க மாட்டேன், ஆனா இன்னிக்கு நேரமில்ல.

கடைசிப் பாடத்தை மாப்பிள்ளை கேள்வி கேட்டார், மஞ்சு பதில் சொன்னா. அவருக்கு ஹொய்சாளர்னு சொல்ல வரல. நான் குறுக்கே போகல. வெங்காயம் உரிச்சேன்.

30-3, திங்கள்

முடிஞ்சது. பன்னெண்டரைக்கு வெளியே வந்தா.

"எப்படி?"
"எல்லாத்துக்கும் எழுதினேன் ஆயா. சரியான்னு தெரியல."
"விட்ட கேள்வி?"
"விடல."

வெயில். வீட்டுக்கு வந்து யூனிஃபார்மோட படுத்தா. சோறு வேணாமாம். மணி நாலு ஆச்சு, இன்னும் எழுந்திரிக்கல. எழுப்பல.

ரிசல்ட் மே மாசமாம். பாஸானா ஹைஸ்கூல் ஃபாரத்துக்கு விடியக்காலையே வரிசை, இல்லன்னா பழைய பள்ளிக்கூடத்துக்கே ஏழாவதுக்கு. எப்படியும் ஒரு வாசலில் நிக்கணும். முழங்காலுக்குத் தைலம் வாங்கி வைக்கணும்.