உப்புக் கொட்டகையின் முகட்டோலை

மாரிவளநாடு தழைக்க! மூன்று துறைகளுக்கும் ஏழு ஏரிகளுக்கும் உரிய வில்லவக்கோ மன்னரின் திருவாய்மொழிப்படி, திருமந்திர ஓலைநாயகம் பொறையன் எழுதுவது. நெடுந்துறையை ஆளும் வேட்டனார் இதை வாங்கி, ஊரவை கூடியிருக்கப் படிக்கச் செய்வாராக. உங்கள் வயல் விளைக. உங்கள் கலங்கள் கரை சேர்க.

உங்கள் ஊர்ப் பெருந்தச்சர் கொற்றனார், உப்பு வாணிகம் செய்யும் அல்லியங்கோதை அம்மையாரின் கட்டட உரிமையைப் பறித்து, அவர் எழுப்பிய கொட்டகையைப் பிரித்துப்போட வேண்டும் என்று முறையிட்டிருந்தார். மழைக்காலம் தொடங்கிவிட்டது, அம்மையாரின் ஓராண்டு உப்பு முழுவதும் அக்கூரையின் கீழ் இருக்கிறது.

தச்சரை அமர்த்தாமல் தம் கட்டடத்தைத் தாமே மேற்பார்த்துக் கட்ட விரும்புவோர், பெருந்தச்சரின் கேள்விகளுக்கு விடை சொல்லி உரிமை முத்திரை பெறுவது நம் நாட்டு வழக்கம். நெடுந்துறையில் அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. உப்பு விற்கும் ஒருவர் கேட்டு வந்து நின்றதும் கொற்றனாருக்கு வயிறு எரிந்தது. உப்பு மண்ணில் மரத்தூண் இற்றுப்போகாமல் நிற்க என்ன செய்வது என்று கேட்டார். தெரியாது என்றார் அம்மையார். கொற்றனார் அத்தோடு விட்டிருக்கலாம். ஊரவை பார்த்திருக்க, வாயை மூட அவருக்கு மனம் வரவில்லை; தூணுக்கடியில் கல் வைக்கும் முறையை வெயில் உச்சிக்கு வரும்வரை விளக்கினார். அடுத்த முறை கூரைச் சரிவைப் பற்றிக் கேட்டு, அதற்கும் தாமே விடை சொன்னார். மூன்றாம் முறை அம்மையார் எல்லாவற்றுக்கும் கொற்றனாரின் சொற்களாலேயே, அவர் இருமும் இடங்களில்கூட நிறுத்தி, விடை சொல்லிவிட்டார். முத்திரை இடுவதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

கொட்டகை எழுந்ததும் பக்கத்து ஊரார் வண்டி கட்டிப் பார்க்க வந்தார்கள். கொற்றனார் கட்டிய தேர்மண்டபத்தின் நிழலில் மாட்டை அவிழ்த்துவிட்டு, உப்புக் கொட்டகைக்கு அவரிடமே வழி கேட்டார்கள். அதையும் பொறுத்துக்கொண்டு வீடு திரும்பியவரிடம் அவர் மனைவியார், "நம்ம மாட்டுக்கொட்டில் ஒழுகுது. அந்தம்மா வருவாங்களான்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க" என்றாராம். மறுநாளே முறையீடு புறப்பட்டது.

இதை எழுதும் ஓலைநாயகம் நேரில் வந்து பார்த்த அன்று மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் கொட்டகைக்குள் ஓடினார்கள். கொற்றனார் மட்டும் வெளியே நனைந்துகொண்டு நின்றார்.

"உள்ள வாங்கய்யா," என்றார் அம்மையார். "நீங்க சொன்னதுதான் கூரையா நிக்குது."

உள்ளே வந்தவர் யாரையும் பாராமல் மேலேயே பார்த்தார். கூரையின் உச்சி முகட்டில் ஓரிடத்தில் சொட்டியது. கீழே உப்புக்குவியலில் விரல் நுழையும் அளவு குழி விழுந்திருந்தது. அவர் முகம் மலர்ந்ததைப்போல் தேர்மண்டபத் திறப்பன்றும் மலர்ந்ததில்லை என்கிறார்கள். முகட்டோலையை மடிக்கும் முறையை மட்டும் தாம் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை என்று அவரே பெருமிதமாய் அறிவித்தார். அறிவித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மன்னர் ஆணை இது: கொட்டகை நிற்கும். உரிமை அம்மையாருடையதே. கேட்க வேண்டியதைக் கேளாமல் முத்திரையிட்ட குறை பெருந்தச்சருடையது. ஆகவே அடுத்த மழையின்போது அவர் அந்தச் சொட்டின் கீழ் நின்று, மீதியையும் சொல்லி முடிக்க வேண்டும். எவ்வளவு விரைவாகச் சொல்கிறாரோ அவ்வளவு குறைவாக நனைவார். அவர் வீட்டு மாட்டுக்கொட்டிலைப் பற்றி மன்னர் ஆணை ஏதும் இடவில்லை. அதை அவரே அம்மையாரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

கொக்கு முத்திரை இட்டோம். மேகம் கறுக்குமுன் இவ்வோலை ஊரவையில் ஒலிக்க.