அரியணையும் நான்காம் படி உலையும்

வெட்டிய மரம் மறுபடி தழைக்க! மூட்டிய அடுப்பு மழையில் அணையாதிருக்க! சாமான் பெட்டிகளில் எந்நாளும் இடம் மிஞ்ச!

தேரிக்கோட்டை நாட்டின் முதல் மரத்தைத் தம் கையால் வெட்டியவரும், முதல் குடிசைக்குக் கதவு வைக்க மறந்து முதல் இரவிலேயே கரடியிடம் உயிர் நீத்தவரும், பின்பு உயிர்த்தெழுந்து அதே கரடியின் தோலைப் போர்த்தியவரும், ஆழ்கடல் நாகத்தைக் கொன்று கருமணி கொணர்ந்தவரும், தற்போது பூனா நகரத்துக் கம்பெனியொன்றில் இரண்டாம் ஷிப்டில் சேவகம் புரிபவருமான மாமன்னர் இசக்கிராஜா அவர்களின் திருமுன்புக்கு, அவருடைய சித்தப்பா மகனும் இந்நாட்டின் ஓலைநாயகமுமான சங்கிலிபூதம் பணிந்து விடுக்கும் ஓலை.

மன்னரைத் தாங்கும் பூனா நகரம் வாழ்க. அவர் குடியிருக்கும் அறையில் தண்ணீர் தடையின்றி வருக. மெஸ்ஸில் ஊற்றும் சாம்பார் இனிக்காதிருக்க. இங்கே நாடும் மக்களும் பன்றிகளும் நலம்.

நம் நாடு கணினித் திரைக்குள் விரிந்து கிடப்பது என்பதும், தென்காசிச் சீமையில் மூன்று வீடுகளில் இருந்தபடி காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு மூவரும், பூனாவிலிருந்து மன்னருமாக நால்வர் ஆளும் விளையாட்டு நாடு இது என்பதும் மன்னர் அறியாதவை அல்ல. எனினும் பின்னாளில் இவ்வோலையைப் படிக்கப் போகிறவர்கள் திகைக்கக் கூடாதென்று, அறிந்ததையும் எழுதி வைப்பது ஓலைநாயகத்தின் கடமை. மன்னர் அலுத்துக்கொள்ளாமல் முழுவதும் படித்தருள்க. சென்ற ஓலைக்குக் கட்டைவிரல் படம் ஒன்றை மட்டும் மறுமொழியாக விடுத்ததை நம் அரசவை இன்னும் மறக்கவில்லை.

செய்தி இது. மன்னர் பூனா சென்ற பின், திரையின் நடுவே சிவந்த எழுத்துகள் தோன்றி, ஞாயிறு மாலை பாறை அரக்கர் படையெடுத்து வருவர் என்று அறிவித்து மறைந்தன. கல்லே உடம்பாகக் கொண்ட அவர்கள் மேல் இரும்பு வேல் பட்டால் வேல்தான் வளையும். இதை நம் படைத்தலைவர் மைதீன் தனியே காட்டுக்குச் சென்று சோதித்தறிந்து, அங்கேயே மாண்டு, மறுபடி பிறந்து, தம் கல்லறையைத் தேடிப் போய்த் தம் செருப்பு முதலானவற்றை எடுத்துக்கொண்டு வந்து அவையில் தெரிவித்தார். எஃகு வேல் வேண்டும். இல்லையேல் கோட்டை இல்லை. எஃகு வேலோ, உலைக்களம் நான்காம் படிக்கு உயர்ந்தாலன்றி வார்க்க இயலாதது.

உலையின் படி உயர்வது எப்படியென்றும் பதிந்து வைக்கிறோம். வெறும் உலை முதல் படி. அதற்குத் துணையாக, இரும்பை வைத்து அடிக்கும் பட்டடைக்கல் வைத்தால் இரண்டு, துருத்தி வைத்தால் மூன்று. இப்படி ஒவ்வொரு துணைக்கருவி சேரும்போதும் டங்கென்று மணியடித்து, உலையின் தலைமேல் நட்சத்திரம் ஒன்று கூடும். இந்தப் பொறுப்பு முழுவதும் மன்னரின் தங்கையும் நாட்டின் பெருந்தச்சியுமாகிய உலகம்மாளுடையது. கல்லூரியில் பாதி நாளும் பட்டறையில் மீதி நாளுமாக அவள் காலம் கழிவதை மன்னரின் அன்னையார் அறிவார், அறிந்து வைவார்.

உலகம்மாள் எதையும் ஏனோதானோ என்று செய்கிறவள் அல்லள். சுரண்டையில் அவள் தந்தையார் புதுவீடு கட்டத் தொடங்கிய நாள் முதல், அந்த வீட்டில் சோற்றுத் தட்டின் முன்னால்கூட அக்னி மூலை, ஈசானிய மூலை என்பதே பேச்சு. ஆகவே நம் பட்டறையையும் அவள் முறைப்படியே அமைத்தாள். நெருப்புக்குரிய தென்கிழக்கில் உலையும் அதன் அருகே பட்டடைக்கல்லும் துருத்தியும். நீருக்குரிய வடகிழக்கில், முற்றத்தைத் தாண்டி, காய்ச்சிய இரும்பைக் குளிர்விக்கும் தண்ணீர்த் தொட்டி. தொட்டியைச் சுற்றிப் பூச்செடிகூட நட்டாள். அழகுக்கு ஒரு குறையும் இல்லை. நட்சத்திரம் மட்டும் மூன்றிலேயே நின்றது.

தொட்டி வைத்தும் மணி அடிக்கவில்லையே என்று அவை கூடி ஆராய்ந்தது. தொட்டி வெறும் அலங்காரப் பொருள் போலும், படிக்கணக்கில் சேராது போலும் என்று முடிவு கண்டது. இம்முடிவை முன்மொழிந்தவர் ஓலைநாயகம். எல்லாம் தெரிந்தவர் போலத்தான் முன்மொழிந்தார். அப்படியானால் எஞ்சியிருக்கும் துணைக்கருவி, ஆயுதம் தீட்டும் மணிச்சாணை ஒன்றே. அதைச் செய்யக் கருமணி வேண்டும். நாட்டில் உள்ளதோ ஒரே ஒரு கருமணி. மன்னர் கோடை விடுமுறை முழுவதையும் செலவிட்டு, நாகத்தின் வாயில் திரும்பத் திரும்பப் போய் விழுந்து, கடைசியில் கொன்று கொணர்ந்த அந்த மணி, மன்னரின் அரியணை உச்சியில் பதிந்திருக்கிறது. அரியணையை உடைத்தால் மணி கிடைக்கும். சாணையில் சேர்ந்த மணியோ திரும்பி வராது. மணியில்லாமல் மீண்டும் அரியணை செய்யவும் முடியாது.

படைத்தலைவர் மைதீன் கூறியதை, அவையின் மாண்பு கருதித் திருத்தாமல், அவர் மொழியிலேயே வரைகிறோம்: “ஏ உலகு, மனசக் கல்லாக்கிக்கிட்டு உடைச்சிரு தாயி. கோட்டையே போச்சுன்னா நாற்காலிய மட்டும் வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறோம்?” அவர் சொன்னது நியாயமே. பெருந்தச்சி மட்டும், “அண்ணன்கிட்ட கேக்காம நான் தொட மாட்டேன்” என்றாள்.

அதன்படி அவள் மன்னருக்கு வாட்ஸப்பில் விண்ணப்பம் விடுத்தாள். மன்னர் ஷிப்டுக்குப் பேருந்தில் போய்க்கொண்டே விடுத்த மறுமொழி வருமாறு: “உடைச்சிருட்டி. நான் இனி எங்க வந்து ஒக்காரப் போறேன்?”

மன்னர் இதை விளையாட்டாக எழுதினாரோ, களைப்பில் எழுதினாரோ, நாம் அறியோம். ஆனால் இங்கே அது விழுந்த இடம் வேறு. முதல் பாதியை உலகம்மாள் கட்டளையாக எடுத்துக்கொண்டாள். இரண்டாம் பாதியைப் படித்தபின் கைப்பேசியைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். அண்ணன் வேலைக்குப் போனபோது ரயிலடியில் அவள் அழவில்லை. கோட்டை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன, அவன் எங்கே போய்விடப் போகிறான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டவள் அவள். பூனா தொலைவாக அவளுக்குத் தோன்றாமல் இருந்ததே இந்தத் திரையால்தான். இப்போது அவனே இனி வரமாட்டேன் என்கிறான். அன்று தன் அன்னையார் அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன தோசை கருகி வீடு முழுவதும் புகைந்ததும், அவள் அசையாமல் இருந்ததும், அதற்காக ஏச்சு வாங்கியதும் பின்னால் அவளே எம்மிடம் சொல்லி அறிந்தவை.

ஞாயிறு பிற்பகல். மேற்கு மலையில் அரக்கரின் முரசு கேட்கத் தொடங்கிவிட்டது. உலகம்மாள் சம்மட்டியை எடுத்துக்கொண்டு அரியணை மண்டபத்துக்குள் நுழைந்தாள். மண்டபத்தில் அப்போது மன்னர் வளர்த்த பன்றி அரியணையில் ஏறிப் படுத்திருந்தது. அதை விரட்டிவிட்டு, மணியைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றாள். மைதீனும் நாமும் மண்டப வாசலில் நின்று வேல்களை எண்ணுவது போல நடித்தோம். பேசினால் அவள் அழுதுவிடுவாள் என்று இருவருக்குமே பயம்.

இந்நாட்டின் விதிப்படி, எந்தப் பொருளையும் கட்டுவதற்கு மட்டுமன்றி உடைப்பதற்கும் அருகில் ஒரு தச்சுமேசை இருந்தாக வேண்டும். ஆகவே அவள் அரியணையின் முன்னால் ஒரு தச்சுமேசையை வைத்தாள். வைத்ததும் வழக்கம்போலத் தரையில் வெள்ளைக் கோட்டு வட்டம் ஒன்று விரிந்தது. இந்த மேசையின் ஆளுகை இதுவரைதான் என்று காட்டும் வட்டம் அது. நாம் எல்லோரும் ஆயிரம் தடவை பார்த்ததுதான். பார்த்தும் ஒருவரும் யோசிக்காததுதான்.

உலகம்மாள் சம்மட்டியை ஓங்கிய கையோடு அப்படியே நின்றாள். பிறகு, “மேசைக்கு வட்டம் இருக்குன்னா உலைக்கு இருக்காதா?” என்றாள். எவரும் மறுமொழி சொல்வதற்குள் மண்டபத்தை விட்டு ஓடினாள். உலைமேல் கைவைத்ததும் அங்கேயும் ஒரு வட்டம் விரிந்தது. பட்டடைக்கல் அதற்குள் இருந்தது. துருத்தியும் இருந்தது. தண்ணீர்த் தொட்டியோ முற்றத்துக்கு அப்பால், வட்டத்துக்கு வெகுதொலைவில், ஈசானிய மூலையில், பூச்செடிகளுக்கு நடுவே புதுமாப்பிள்ளை போல வீற்றிருந்தது. வட்டத்துக்கு வெளியே இருப்பது எப்படிப் படிக்கணக்கில் சேரும்? தொட்டியைப் பற்றித் தவறாகத் தீர்ப்பளித்த ஓலைநாயகம் அந்தக் கணம் தொண்டையைச் செருமியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

மைதீன் விட்டாரில்லை. “வாஸ்து பாத்தவ நீதான? அரக்கன் வாரப்ப எந்த மூல வழியா வரணும்னும் பாத்துச் சொல்லு” என்றார். உலகம்மாள், “மைதீனண்ணே, சும்மா இருங்க” என்று சிரித்தாள். பல நாள்களுக்குப் பின் நாம் கேட்ட அவளுடைய சிரிப்பு அது. பூச்செடிகளை மிதித்துக்கொண்டு ஓடித் தொட்டியைத் தகர்த்தாள். பலகைகளையும் ஆணிகளையும் பொறுக்கி வந்தாள். நீரும் நெருப்பும் அடுத்தடுத்து நிற்க, தந்தையாரின் வாஸ்து சாத்திரம் தலைகுனிய, உலையை ஒட்டியே தொட்டியை மறுபடி கட்டினாள். டங்கென்று மணி அடித்தது. நான்காம் நட்சத்திரம் எரிந்தது. தென்காசிச் சீமையில் மூன்று வீடுகளில் ஒரே நேரத்தில் எழுந்த கூச்சலைக் கேட்டு, மூன்று வீட்டுப் பெரியவர்களும் கதவைத் தட்டினார்கள்.

பின்பு நடந்த போரை விரித்துரைத்தால் ஓலை தாங்காது. எஃகு வேல் பட்ட இடமெல்லாம் அரக்கர் சரளைக்கல்லாகச் சரிந்தனர். படைத்தலைவர் வீரமாகப் போரிட்டு இருமுறை மாண்டார். ஓலைநாயகம் கோழிக்கூண்டுக்குள் இருந்தபடி போரை மேற்பார்வை செய்தார். பெருந்தச்சி மட்டும் அரியணை மண்டபத்து வாசலை விட்டு ஓர் அடி நகரவில்லை. வடக்கு மதில் சரிந்தது. கத்தரித் தோட்டம் போயிற்று. மண்டபத்தின் படியைக்கூட ஓர் அரக்கனும் தொடவில்லை. போர் முடிந்ததும் பன்றி தானாகவே திரும்பி வந்து அரியணையில் படுத்துக்கொண்டது.

இனி அவையின் தீர்மானங்களைக் கேட்டருள்க. அரியணையை உடைக்கும்படி மன்னர் விடுத்த கட்டளை, அரச முத்திரை இல்லாமல் வாட்ஸப்பில் வந்தமையாலும், பேருந்தில் நின்றபடி எழுதப்பட்டமையாலும் செல்லாது என அவை அறிவிக்கிறது. அதன் பின்பாதியாகிய “எங்க வந்து ஒக்காரப் போறேன்” என்பதும் அவ்வாறே செல்லாது. உலையை ஐந்தாம் படிக்கு உயர்த்த மணிச்சாணை வேண்டும். அதற்கு மற்றொரு கருமணி வேண்டும். அதை ஆழ்கடலில் போய்க் கொணர இந்நாட்டில் துணிந்தவர் ஒருவரே. அவர் வரும்வரை உலை நான்காம் படியிலேயே நிற்கும். எத்தனை மாதமானாலும் நிற்கும்.

ஆகவே வேந்தருக்கு இந்நாடு இடும் ஆணை: வருகிற வார விடுமுறை நாளில் துணிகளைத் துவைத்துப் போட்டு, சாப்பிட்டு, தூங்கி எழுந்து, மாலையில் கோட்டை வாசலுக்கு எழுந்தருளுக. தாமதமானால் காத்திருப்போம். வராது போனால் பன்றிக்கே முடி சூட்டுவோம். அது எந்நேரமும் அரியணையில்தான் இருக்கிறது.

இவ்வோலையை எழுதியவன் சங்கிலிபூதம். எழுதியதெல்லாம் மெய், கோழிக்கூண்டு உட்பட, என்று சாட்சி நிற்பவன் மைதீன். பெருந்தச்சி உலகம்மாள் கையெழுத்திட மறுத்து, கீழ்வரும் சொற்களை மட்டும் சேர்க்கச் சொன்னாள்: “அண்ணே, ஒன் நாற்காலி அப்படியேதான் இருக்கு. வந்து ஒக்காரு.”

அரச முத்திரை மன்னரின் பெட்டிக்குள் இருக்கிறது. அந்தப் பெட்டி மன்னர் கைக்கே திறக்கும். ஆதலால் முத்திரைக்குரிய இடம் இங்கே காலியாக விடப்படுகிறது. மன்னரே வந்து இடுக.