இல்லாத நண்பனுக்கு வந்த பதில்

அன்பு மகனுக்கு, படைத்தவனின் சாந்தியும் அருளும் உன்மீது இறங்கட்டும். எல்லோரும் நலம் என்று எழுதப் பார்த்தேன், பேனா ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பு மட்டும் நலம் என்று வைத்துக்கொள். போனில் பேசினால் அத்தா காதில் விழும். பள்ளிவாசல் இமாம் என்று அவருக்குக் கொடுத்த வீட்டில் அறைக்கும் அறைக்கும் நடுவே ஒரு திரைதானே, அதனால் கடிதமாக எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

உன் கூட்டாளி எலக்ட்ரீசியன், நீ ஃபியூஸ் என்று பெயர் வைத்தவன், போன வாரம் பெண்டாட்டியோடு சண்டை போட்டு, தன் பெயருக்கேற்றபடி எரிந்துபோய், மூன்று தடவை தலாக் என்று கத்திவிட்டான். விடிந்ததும் அழுதுகொண்டு அத்தாவிடம் வந்தான். ரெண்டு பேரும் வந்து உட்காருங்க, இருவரையும் கேட்காமல் வாய் திறக்க மாட்டேன் என்று அத்தா வழக்கம்போலச் சொன்னார். இவனுக்குப் பொறுக்கவில்லை. போன தடவை நீ பெருமையடித்தாயே அந்தப் போன் ஹஸ்ரத், போனிலேயே மார்க்கத் தீர்ப்பு சொல்லும் ஆலிம், சார்ஜ் இருக்கும்வரை பேசுபவர், அவருக்குக் கேள்வி அனுப்பினான். முடிந்துவிட்டது, அவள் இனி மனைவியில்லை என்று ஒரே வரியில் பதில். அதை அவன் அண்ணன் தெரு குரூப்பில் போட்டுவிட்டான். அந்தப் பெண் ஒரு துணிப்பையும் மூன்று வயதுப் பிள்ளையுமாக இப்போது நம் அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறாள்.

போனில் அவ்வளவு பெரிய ஆலிமே சொல்லிவிட்டார், நம்ம பள்ளி ஹஸ்ரத் ஏன் இழுத்தடிக்கிறார் என்று பள்ளிவாசல் கமிட்டியில் அத்தாவைப் பற்றிப் பேச்சு. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அத்தா அதே பதிலைச் சபையில் சொல்ல வேண்டுமாம், இல்லையென்றால் வேறு இமாம் பார்ப்பார்களாம். கமிட்டித் தலைவர் வாசலில் நின்றே கேட்டார்: "அவரை லட்சம் பேர் கேக்குறாங்க ஹஸ்ரத். உங்களை யாரு கேக்குறா?" அத்தாவை நான்கூடக் கேட்பதில்லை, அது வேறு விஷயம். ஆனால் அன்று அவர் சாப்பிடவில்லை.

நேற்று ஃபியூஸ் அத்தாவைப் பார்க்க ஒளிந்து ஒளிந்து வந்தான். திரைக்கு இந்தப் பக்கம் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன், துடைப்பதை நிறுத்திவிட்டேன். போன் ஹஸ்ரத்துக்கு அனுப்பிய கேள்வியில், வெட்கத்தில் அவன் தன் கதை என்றே எழுதவில்லையாம். என் நண்பன் ஒருவன் சொல்லிவிட்டான் என்று எழுதி, கத்தியதையும் கோபத்தையும் மறைத்து, நண்பன் நன்றாக யோசித்துத்தான் சொன்னான் என்று கௌரவத்துக்கு ஒரு வரி வேறு சேர்த்திருக்கிறான். இவனுக்கு இருப்பதே நீ ஒரு நண்பன், உனக்கோ இன்னும் கல்யாணமே ஆகவில்லை. இதைக் கமிட்டியில் சொல்லிவிடு என்றார் அத்தா. தெருவே சிரிக்கும், செத்தாலும் சொல்ல மாட்டேன் என்றான். "அப்ப நானும் சொல்ல மாட்டேன். நம்பிச் சொன்னது என்கிட்டயே இருக்கும்" என்றார். வேலை போகும், வீடு போகும் என்று தெரிந்தே சொல்கிறார்.

அதனால் நீ அவனோடு பேசு. அம்மா ஒட்டுக்கேட்டாள் என்றே சொல், அந்தப் பாவம் என்னோடு போகட்டும். அந்த நம்பரைக் கொடுத்தவன் நீ, அவன் வாயைத் திறக்கவைப்பதும் உன் பொறுப்பு. ஆனால் அத்தா சாதகமாகச் சொல்வார் என்று மட்டும் ஆசை காட்டாதே. முழுக்கக் கேட்ட பிறகும் முடிந்தது என்றே சொல்ல நேரலாமாம், அவரிடம் நானே கேட்டுப் பார்த்தேன். "அப்படின்னாலும் அந்தப் பொண்ணு எதிர்ல இருக்கும்போதுதான் சொல்லணும். அவ ஏன்னு கேட்டா பதில் சொல்ல நான் அங்க இருக்கணும்ல" என்றார்.

நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் தருவானாக. வெள்ளிக்கு முன்னால் பேசிவிடு, மறக்காதே. அந்தப் பெண் இன்னும் பையைப் பிரிக்கவில்லை.

இப்படிக்கு,
உனக்காக துஆ செய்யும்
அம்மா