பதினான்கும் பதினைந்தும்

அக். 3, வெள்ளி

ஒன்பதாம் எண் சில்லின் பக்கவாட்டில் குங்குமம். மேலே இல்லை. அடுத்த சில்லோடு உரசும் இடத்தில். நகர்த்தினால் ஒட்டுகிறது. ஈரத்துணியால் துடைத்தேன், நகத்தால் சுரண்டினேன். முழுதாகப் போகவில்லை.

மழை விட்டுவிட்டது, ஆனால் வெயிலும் இல்லை. துணியெல்லாம் ஈர வாசனை.

வேலை: ஊறப்போட்டதை அரைக்க. அப்பா சட்டை இஸ்திரி. பூஜையில் வைத்த சாமான்களை எடுத்து அவற்றின் இடத்தில் வைக்க (மிக்ஸி, தையல் மிஷின், அரிவாள்மனை, என் ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்கள், பெட்டி). நேற்று விஜயதசமிக்கே எடுத்திருக்க வேண்டும். அம்மாவுக்கு இடுப்பு வலி, எனக்குச் சோம்பல்.

பெட்டி என்பது உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் சட்டம். உள்ளே 1 முதல் 15 வரை எண் போட்ட சில்லுகள், ஓர் இடம் மட்டும் காலி. அந்தக் காலி இடத்தை வைத்துக்கொண்டு நகர்த்தி நகர்த்தி வரிசைக்குக் கொண்டுவர வேண்டும். போன ஞாயிறு சங்கர் அத்தான் கொண்டுவந்தது. அப்பாவின் அக்கா மகன். இதே ஊரில், விமான் நகரில் கம்ப்யூட்டர் கம்பெனி. வேலைக்கு ஆள் எடுக்கும்போது புதிர் போட்டுத்தான் எடுப்பாராம். ஒரே டார்ச் லைட்டோடு நாலு பேர் பாலம் தாண்டுவது எப்படி, எட்டுப் பந்தில் கனமான பந்து எது, இப்படி. பதில் சொல்ல முடியாமல் முழித்தவர்களைப் பற்றி எங்கள் வீட்டில் உட்கார்ந்து சிரிப்பார். முழித்தவர்களுக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே நான் தட்டு எடுப்பேன்.

அப்பா அவரிடம் கேட்டார். "இவளப் பத்தாவது வெளியில இருந்து எழுத வைக்கலாமாடா சங்கரு? ரெண்டு வருஷம் விட்டுப்போச்சு. இனி படிப்பு ஏறுமான்னு நீதான் பாத்துச் சொல்லணும்."

குக்கர் மூடி பொருந்துமா என்று கடைக்காரரிடம் கேட்பது போல.

அத்தான் பையிலிருந்து பெட்டியை எடுத்தார். "சிம்பிள் டெஸ்ட் மாமா. அடுத்த சண்டே வரைக்கும் டைம். இத ஆர்டர்ல கொண்டாந்துட்டான்னா ஃபார்ம் போடுங்க. இல்லன்னா எதுக்கு, அவளுக்கும் டென்ஷன், உங்களுக்கும் டென்ஷன்."

நான் அங்கேயேதான் நின்றேன், கையில் தண்ணீர்ச் சொம்போடு. என்னிடம் யாரும் கேட்கவில்லை.

பிளாஸ்டிக் பெட்டிக்கும் பத்தாவதுக்கும் என்ன சம்பந்தம்? கேட்டிருக்க வேண்டும். எனக்கு அத்தானிடம் நேராகப் பேச வராது. "அத்தானச் சாப்பிட வரச் சொல்லும்மா" என்று எல்லாமே அம்மா வழியாகத்தான். ஃபார்ம் இந்த மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். விட்டால் அடுத்த வருஷம். அடுத்த வருஷம் வேறு யாராவது வேறு பெட்டி கொண்டுவருவார்கள்.

பள்ளிக்கூடம் விட்டது அறிவு இல்லாததால் இல்லை. அம்மாவுக்கு முதுகில் ஆபரேஷன். வீட்டில் நான்தான். திரும்பிப் போன அன்று டீச்சர் மராத்தியில் என்னவோ கேட்டார், நான் எழுந்து நின்றேன், வார்த்தை வரவில்லை. எல்லோரும் பார்த்தார்கள். மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

இதைத் தமிழில் எழுதுவதில் ஒரு நிம்மதி. அத்தானுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

யாருக்கும் தெரியாத ஒன்று. செவ்வாய்க்கிழமையே பெட்டியை முடித்துவிட்டேன். அம்மா மதியம் படுத்திருந்தாள். பதினைந்து தன் இடத்துக்கு வந்தபோது டக் என்று சின்னச் சத்தம். அவ்வளவு சந்தோஷமாக இருந்ததால் உடனே கலைத்துவிட்டேன், இன்னொரு தடவை செய்ய. மடச்சி. யாரையாவது கூப்பிட்டுக் காட்டியிருக்க வேண்டும். மறுநாள் பூஜை, சாமி முன்னால் வைத்ததைத் தொடக்கூடாது.

இன்று மதியம் முழுக்க உட்கார்ந்தேன். மேல் மூன்று வரிசையும் சரி. கடைசி வரிசை 13, 15, 14. கலைத்துத் திரும்பச் செய்தால் மறுபடி 13, 15, 14.

அப்படியானால் செவ்வாய் நடந்தது குருட்டு அதிர்ஷ்டமா?

மாவு புளித்துப் பொங்கிவிட்டது. திட்டு.

அக். 4, சனி, காலை

மறுபடி 15, 14. பெட்டியைச் சுவரில் எறியப் பார்த்தேன். எறியவில்லை.

எதிர்வீட்டுக் காகூ (மராத்தியில் சித்தி மாதிரி) தசராவுக்குக் கொடுத்த ஆப்டா இலைகள் செருப்பு ஸ்டாண்டின் மேல் காய்ந்து கிடக்கின்றன. "சோனம் கே, பேட்டா" என்று கையில் வைத்தார். தங்கம் வாங்கிக்கொள் என்று அர்த்தம், தசராவுக்கு இந்த இலைதான் இங்கே தங்கம். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் அம்மாவிடம், "லட்கி போல்தீ நஹீ க்யா?" பெண் பேசமாட்டாளா என்று. பேசுவேன். இங்கே நிறையப் பேசுகிறேன்.

எனக்குப் புதிர் எப்போதிருந்து பிடிக்கும் என்று யோசித்தேன். ஊரிலிருந்து சித்தி முறுக்கும் அதிரசமும் அனுப்பும்போது வார இதழ்த் தாளில் சுற்றி அனுப்புவாள். எண்ணெய்க் கறையோடு ஆறு வித்தியாசம், குறுக்கெழுத்து, முயலுக்கு வழி காட்டுங்கள். நான் தமிழ் படிக்கக் கற்றதே அவற்றில்தான். கீழே "விடை அடுத்த இதழில்". அடுத்த இதழ் வந்ததே இல்லை. ஆனால் விடை எங்கோ அச்சாகியிருக்கிறது என்று தெரியும், அதனால் கோபம் வராது. ஐந்து வித்தியாசம் கிடைத்து ஆறாவது கிடைக்காவிட்டால், இருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்று மறுபடி பார்ப்பேன். குடையின் கைப்பிடி. பூனையின் மீசை. எங்காவது இருக்கும்.

புதிர் பிடிப்பதே அதனால்தான் என்று நினைக்கிறேன். உள்ளே ஒரு கதவு இருக்கிறது என்று போட்டவர் சத்தியம் செய்திருக்கிறார். மற்ற எதிலும் அப்படி யாரும் செய்து கொடுப்பதில்லை.

மதியம்

அம்மா போனில் தேடினேன். இந்தப் பெட்டியைப் பற்றி இந்தியில் பெரிய கட்டுரை. நூறு வருஷத்துக்கும் மேலாகிறதாம். முதலில் அமெரிக்காவில் பைத்தியம் போல் பரவி, பிறகு கடல் தாண்டிப் போயிருக்கிறது. கடை திறக்க மறந்தவர்கள், ஏறிய வண்டியில் இறங்க மறந்தவர்கள் என்று கதை கதையாக எழுதியிருக்கிறது.

அதில் ஒரு மனுஷன். எல்லாச் சில்லும் வரிசையில், 14, 15 மட்டும் இடம் மாறி. இதைச் சரிசெய்தால் பெரிய பரிசு என்று அறிவித்துவிட்டான். ஊரே உட்கார்ந்து நகர்த்தியது. பரிசு யாருக்கும் இல்லை. ஏனென்றால் அது முடியவே முடியாது. எவ்வளவு நகர்த்தினாலும் அந்த இரண்டும் மட்டும் மாறி நிற்கும் நிலையிலிருந்து வரிசைக்கு வர வழியே கிடையாது, கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அவனுக்கு அது தெரியும். தெரிந்துதான் பரிசு வைத்தான்.

கட்டுரை அவனைப் புத்திசாலி, குறும்புக்காரன் என்கிறது. குறும்பா? எத்தனை பேர் தன்னைத் தானே முட்டாள் என்று நினைத்துக்கொண்டு படுத்திருப்பார்கள்! சிலர் நான் ஒரு தடவை முடித்தேன், எப்படி என்றுதான் ஞாபகம் இல்லை என்று சத்தியம் செய்தார்களாம். அவர்களைப் பார்த்தும் சிரிக்கிறது கட்டுரை.

கதைகளில் வரும் ராஜாக்களும் இப்படித்தான். பதில் தெரியாவிட்டால் தலை போகும் என்று சிம்மாசனத்தில் சாய்ந்துகொண்டு கேட்பார்கள். உங்கள் கேள்விக்கு முதலில் பதில் இருக்கிறதா ராஜா என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. கேட்பவனுக்கு எந்தப் பரீட்சையும் கிடையாது.

கட்டுரையின் கடைசியில் ஒரு வரி. சில்லுகளைக் கழற்றி இஷ்டப்படி திரும்பப் போட்டால் பாதிக்குப் பாதி தடவை இந்த மாதிரி முடியாத பெட்டியாகிவிடும்.

கழற்றி.

குங்குமம் மேலே பொட்டு வைத்தால் மேலேதான் இருக்கும். பக்கவாட்டில் எப்படிப் போகும்?

சமையல்கட்டுக்கு ஓடினேன். அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பெட்டியில இருந்து சில்லக் கழட்டினியாம்மா?"

"ஆமா. கரண்டிக் காம்பால நெம்புனேன், பொலபொலன்னு வந்துட்டு. ஓரமெல்லாம் என்னா அழுக்கு! சாமிக்கு வைக்கத அப்படியேவா வைப்பாங்க? மிக்ஸியக் கழட்டித் தொடைக்கேன், மிஷினக் கழட்டித் தொடைக்கேன், இத மட்டும் விடுவேனா?"

"எது எங்க இருந்துச்சுன்னு பாத்தாவது வச்சியா?"

"எதுக்கு? கலைஞ்சுதான கெடந்துச்சு. கலைஞ்சதக் கலைச்சு வச்சா என்ன?"

"கலைச்சதுலயும் ரெண்டு தினுசு இருக்கும்மா!"

"ஆமா, இட்லியிலயும் ரெண்டு தினுசு இருக்கு. நேத்து நீ புளிக்க விட்டது ஒண்ணு. போடி, போயி தேங்காயத் துருவு."

கத்தினேன். நான் கத்தி அம்மாவே பார்த்ததில்லை போல. கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "எனக்கு என்ன தெரியும் செல்வி? ஒன் பரீட்சைச் சாமான்னுதான் முதல்ல பொட்டு வச்சேன், அப்பா ஸ்கூட்டருக்கு முன்னால."

அதற்கு மேல் எப்படிக் கத்துவது. ஆனாலும் கோபம் போகவில்லை. இரண்டு நாள் நான் மண்டு என்று நம்பியிருக்கிறேனே, அதை யார் திருப்பித் தருவார்கள்?

ஹேர்பின்னால் 14, 15 இரண்டையும் நெம்பி மாற்றிப் போட்டேன். கழற்றாமல், நகர்த்தியே நன்றாகக் கலைத்தேன். அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்தேன்.

டக்.

"அவ்வளவுதானா?" என்றாள் அம்மா. பிறகு, "அழகா இருக்குடி."

அக். 5, ஞாயிறு

அத்தான் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு, அப்பளம், சேமியா பாயசம். பெட்டியை முடித்து, டி.வி. பக்கத்தில் எல்லோரும் பார்க்கிற மாதிரி வைத்திருந்தேன். அவர் அதன் மேல் ஹெல்மெட்டை வைத்தார்.

பாயசம் வரும் வரை பெட்டியைப் பற்றிப் பேச்சே இல்லை. மறந்தே போய்விட்டார். அம்மாதான் எடுத்துக் கொடுத்தாள்.

"சங்கரு, இந்தா பாரு. செல்வி முடிச்சுட்டா."

"க்யா? ஓ, இதுவா." திருப்பிப் பார்த்தார். "அரே வாஹ். யூடியூப் பாத்துப் பண்ணியா?"

நான் வாசற்படியில் நின்று தலையாட்டினேன், இல்லை என்று.

"பொய் சொல்லாத, எல்லாம் அதுலதான இருக்கு."

அம்மா, "என் முன்னாலதான் செஞ்சா. எங்கயும் பாக்கல."

அப்பா அத்தான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ ஃபார்ம் போட்டுரலாமாடா?"

அத்தான் பாயசத்தை வழித்தார். "மாமா, ஒண்ணு சொல்லவா? பஸில் வேற, எக்ஸாம் வேற. இதுக்கும் அதுக்கும் கனெக்‌ஷனே இல்ல. நான் சும்மா டைம்பாஸுக்குக் குடுத்தேன். ரெண்டு வருஷம் கேப், மராத்தி பேப்பர் வேற எழுதணும்... யோசிச்சுக்கோங்க."

வெள்ளிக்கிழமை நான் எழுதியதையே சொல்கிறார். அதே வார்த்தை, இங்கிலீஷில்! சம்பந்தம் இல்லை என்று. முடிக்காமல் இருந்திருந்தால் சம்பந்தம் இருந்திருக்கும். முடித்ததும் இல்லாமல் போய்விட்டது.

சத்தம் எங்கிருந்து வந்ததோ.

"அப்போ ஏன் குடுத்தீங்க?"

மூன்று பேரும் திரும்பினார்கள். அத்தானுக்கு யார் பேசியது என்றே முதலில் புரியவில்லை.

"என்ன?"

"சம்பந்தம் இல்லன்னா ஏன் குடுத்தீங்க? முடிச்சா ஃபார்ம் போடலாம்னு நீங்கதான சொன்னீங்க."

"மாமா, பாருங்க, கோவத்த! பேசுதே!" என்று சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. "கேக்கால்ல, பதில் சொல்லுப்பா."

அவர் போனைப் பார்த்தார். ஏதோ கால் என்று பால்கனிக்குப் போனார். திரும்பி வந்து ஹெல்மெட்டை எடுத்தார். அம்மா கட்டிவைத்த குழம்பு டப்பாவை மட்டும் மறக்கவில்லை. பெட்டியை மறந்துவிட்டார்.

அவர் போன பிறகு அப்பாவிடம் போனேன். "நாளைக்கு ஸ்கூலுக்கு வாரீங்களாப்பா? லீவிங் சர்டிபிகேட் வாங்கணும். அது இல்லாம ஃபார்ம் எடுக்க மாட்டாங்க."

"சங்கரு என்னமோ யோசிக்கச் சொல்லுதானே."

"அத்தான் பரீட்சை எழுதல. நான்தான் எழுதப்போறேன்."

"மராத்தி பேப்பரு?"

"காகூகிட்ட கேக்கேன்." சொல்லிவிட்டேன். எப்படிக் கேட்பேன் என்று தெரியவில்லை. இன்று வரை அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அப்பா, "பாப்போம்."

‘பாப்போம்’ என்ற வார்த்தையை இந்த வீட்டில் தடை செய்ய வேண்டும்.

சாயங்காலம் அப்பா டி.வி. பக்கத்திலிருந்து பெட்டியை எடுத்தார். சும்மா கையில் உருட்டினார். பிறகு ஒரு சில்லை நகர்த்தினார்.

அக். 6, திங்கள்

வெயில். எல்லாத் துணியும் காய்ந்துவிடும்.

என் பழைய ஐ.டி. கார்டு, ஆதார், ஒன்பதாவது மார்க் ஷீட், இரண்டு போட்டோ. எல்லாம் துணிப்பையில். நீலச் சுடிதார், துப்பட்டாவில் பின். எதிர்வீட்டுக் காகூ வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். "குட்டே?" என்றார், எங்கே என்று. "ஷாளேத்" என்றேன். பள்ளிக்கூடத்துக்கு. ஒரே வார்த்தை. துடைப்பத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

உள்ளே வந்தால் அப்பா ஆபீஸ் பேன்ட், சட்டை போட்டுக்கொண்டு சோபா நுனியில். கையில் பெட்டி. பக்கத்தில் டீ ஆடை கட்டியிருந்தது.

அம்மா சமையல்கட்டிலிருந்து, "எந்திரிச்சதுல இருந்து அதான். பல்லு வெளக்கும்போதும் அதான்."

"கெளம்பலியாப்பா?"

"இருடி. ஒண்ணு, ரெண்டு, மூணு வந்துட்டு. இந்த நாலு மட்டும் மூலைக்கு வரமாட்டேங்கு. ஒண்ண உள்ள விட்டா இன்னொண்ணு வெளிய போயிருது." தலையைத் தூக்கவில்லை. "இது நெசமாவே முடியுமா? இல்ல, அந்தப் பய சும்மா குடுத்தானா?"

"முடியும்ப்பா. நான் சரிபண்ணி வச்சிருக்கேன்."

"அப்போ இன்னும் ரெண்டே நிமிஷம்."

பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கித் துணிப்பைக்குள் போட்டேன். அந்தக் கையில் ஸ்கூட்டர் சாவியை வைத்தேன்.