அக்கா அவிழ்க்க விடாத கம்பிகள்

என் கைக்கு எட்டாத உயரத்தில் கிட்டாரை மாட்டி வைத்திருந்த பிரியமான அத்தானுக்கு,

அதைக் கீழே இறக்கிவிட்டேன். முதலில் இதைச் சொல்லிவிடுவதுதான் முறை. ஆறு கம்பியையும் கழற்றி, கழுத்தில் கம்பியை முறுக்கும் பழைய கீ எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாக மாட்டியிருக்கிறேன். கோபப்படுவீர்கள் என்று தெரியும். முழுவதும் கேட்டுவிட்டுக் கோபப்படுங்கள்.

மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு என்ஜின் பார்க்கிறவனுக்கு நகக்கண்ணில் கறுப்பு போகாது. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "மாப்ள, கிரீஸ் கைய வச்சிக்கிட்டு அதத் தொட்டிராத, என்னா" என்பீர்கள். அதற்குப் பிறகுதான் சாப்பிட்டாயா என்று கேட்பீர்கள். நீங்கள் அக்காவைக் கட்டிய பத்தொன்பது வருடமும் இதே வரிசைதான்.

இங்கே பெரிதாகச் செய்தி ஒன்றும் இல்லை. துறைமுகத்தில் நீங்கள் ஏறி ஓட்டிய கிரேனில் இப்போது சாத்தான்குளத்துப் பெண் ஒருத்தி ஏறுகிறாள். கை நிதானம் என்கிறார்கள். அக்கா ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறாள், ஆனால் பாடகர் குழுவில் நிற்பதில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் இருக்கிறாள். சபைப் போதகர் ஐயர் கேட்டுப் பார்த்தார், நானும் கேட்டேன். தொண்டை சரியில்லை என்கிறாள். ஒரு வருடமாகவா ஒரு தொண்டை சரியில்லாமல் இருக்கும்?

கிட்டார் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் இருந்தவரை வாரம் ஒருமுறை துடைத்து வைத்தீர்கள். பிறகு அக்கா யாரையும் தொட விடவில்லை. நம் ஊர் உப்புக் காற்று சும்மா இருக்குமா? இரண்டு கீயில் பல் தேய்ந்துவிட்டது; திருகினால் சுற்றுமே தவிர கம்பியை இழுக்காது. மற்ற நான்கும் துருவில் இறுகிவிட்டன. அந்த நான்கு கம்பியும் ஒரு வருடமாக விடாமல் இழுத்ததில், கீழே கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் கட்டை, பெட்டி மரத்தை விட்டு நகம் நுழையும் அளவுக்கு எழும்பியிருந்தது. ஒரு மத்தியானம் சுவரில் 'டக்' என்று சத்தம் கேட்டு, பயந்துபோய் எனக்குப் போன் செய்தாள்.

பார்த்த உடனே சொன்னேன். "கீ மாத்தணும்க்கா. கம்பிய அவுக்காட்டா பெட்டியே பிளந்துரும்."

"கீய மாத்து. கம்பிய அவுக்காத."

"கீயிலதானக்கா கம்பியே சுத்தியிருக்கு. எப்பிடி முடியும்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுல. அவிய கடைசியா முறுக்கி வச்சது அது. நீ அவுத்துட்டேன்னா பொறவு நான் எங்கன போயித் தேட?"

நீங்கள் வைத்த சுருதி எப்போதோ இறங்கிவிட்டது என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். ஒரு கருவியைக் காப்பாற்றப் போய் அக்காவிடம் மிச்சம் இருப்பதைப் பிடுங்குகிறேனோ என்று நிஜமாகவே பயந்தேன். அந்த நேரத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

அரைமணி நேரம் அடுக்களையில் இருந்துவிட்டு வெளியே வந்தாள். "நீ தொடாத, நானே அவுக்கேன்" என்றாள். இறுகிய கீகளை நான் குறடு வைத்து அசைத்துக் கொடுக்க, அவளே ஒவ்வொன்றாகத் திருகினாள். கழற்றிய கம்பிகளைச் சுருட்டிப் பழைய மக்ரூன் டப்பாவில் போட்டு மூடினாள். எனக்கு அழுகை வந்தது. திரும்பி உட்கார்ந்து, குறடு கையிலேயே இருக்க, அதைத் தேடினேன்.

பிரிட்ஜை ஒட்டி, கிளாம்ப் போட்டு வைத்தேன். முதலில் வரவழைத்த கீ பொருந்தவில்லை. உங்கள் பழையது ஒரே தகட்டில் மூன்று கீ உள்ள வகை. புதிய தகட்டில் இடைவெளி இரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. அதனால் தனித்தனியாக ஆறு கீ வாங்கினேன். அதன் தண்டு தடிமன் என்பதால் ஓட்டையைப் பெரிதாக்க வேண்டும். பட்டறையில் டிரில் இருக்கிறது, ஆனால் எடுக்கவில்லை. உருண்டை அரத்தைக் கையால் சுற்றிச் சுற்றியே ஆறையும் விரித்தேன். பழைய ஸ்குரூ துளைகளில் தீக்குச்சியைப் பசையில் தோய்த்து அடைத்தேன். பின்னால் ஒரு மரக்கட்டையை வைத்து ஆறையும் ஒரே கோட்டில் உட்கார வைத்தேன். வேலை சுத்தம், அத்தான். என் வாயால் நானே சொல்கிறேன்.

அதற்குப் பிறகுதான் கெடுத்தேன். கடலோரத்தில் எந்த இரும்பை மாட்டினாலும் ஒரு விரல் கிரீஸ் தடவாமல் என் கை நிற்காது. ஆறு தண்டிலும் தாராளமாகத் தடவிவிட்டேன். போன சனிக்கிழமை புதுக் கம்பியை மாட்டி முறுக்கினால், முறுக்க முறுக்க வழுக்கிக்கொண்டு வெளியே வருகிறது. மூன்று முறை. பக்கத்தில் நின்ற அக்கா ஒரு தண்டைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்தாள்.

"அவிய சொன்னதுல தப்பே இல்லலே" என்றாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மண்ணெண்ணெய்த் துணியால் அவளே துடைத்தாள். கம்பியை எப்படி நுழைத்து மடிக்க வேண்டும் என்று அவள் விரலுக்குத் தெரிந்திருந்தது. நான் போனில் சுருதி பார்க்கும் செயலியைத் திறந்து, முள் பச்சைக்கு வரும்வரை ஆறையும் முறுக்கினேன். மீட்டிக் காட்டினேன்.

"இது இல்ல" என்றாள்.

"போன் சரிங்குதுக்கா."

"போனுக்கு என்ன தெரியும். இறக்கு." சொல்லிவிட்டு, வாயை மூடியபடி ஒரு சுரத்தை இழுத்துப் பிடித்தாள். நான் ஐந்தாம் கம்பியை அதற்கு இறக்கினேன். அரைச் சுரம் கீழே போய்ச் சேர்ந்தது. மூச்சு வாங்கி மறுபடி இழுத்தாள், என் கம்பி அதோடு சேரும்வரை விடவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சனிக்கிழமை சாயங்காலம் நீங்கள் கிட்டாரோடு உட்கார்ந்து, அடுக்களைப் பக்கம் பார்த்து, "குடு ஏளா" என்பீர்கள். உள்ளே இருந்து அவள் ஒரு சுரம் கொடுப்பாள். புருஷன் பெண்டாட்டி விளையாட்டு என்று நினைத்து நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். நீங்கள் அவள் தொண்டைக்குத்தான் கம்பியை வைத்தீர்கள். அவள் ஒரு வருடமாகக் கட்டிக் காத்த சுருதி அந்தக் கம்பிகளில் இருந்ததே இல்லை, அத்தான்.

அவளிடம் இதைச் சொல்லவில்லை. அவளாகவே அடுத்த கம்பிக்குச் சுரம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நாளை மறுநாள் கோவிலில் உங்கள் முதல் வருட நினைவு ஸ்தோத்திரம். பாடுவாளா என்று நான் கேட்கப்போவதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் தவறாமல் வருவேன். வாசல் குழாயில் சோப்புப் போட்டுக் கை கழுவுவேன். கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் பார்த்து, "குடுக்கா" என்பேன். அவள் கொடுக்கிறவரை உட்கார்ந்திருப்பேன்.

கை கழுவிய
உங்கள் மச்சினன்
ஜெபராஜ்