கோடு கிழக்கே இல்லை, ஆறுமுகம்

என் கண்ணான மகன் ஆறுமுகத்துக்கு,

முதலில் பிள்ளைகள் சேதி. உன் மூத்தவன் நாயகம் போலீசில் சேர்ந்துவிட்டான். சிவகிரி ஸ்டேஷனில் வேலை. தொப்பியோடு வந்து நின்றபோது தெருவே எட்டிப் பார்த்தது. வடிவு மூன்றாம் பாரத்தில் வகுப்புக்கே முதல். கணக்கில் அவளை மிஞ்சத் தென்காசியில் ஆள் இல்லை என்று நானே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

இனி சொல்ல வேண்டியதற்குத்தான் கை ஓடவில்லை.

உன்னோடு கப்பலில் இருந்த தூத்துக்குடி சேவியர் போன வாரம் வந்தான்.

கித்தான் துணியில் தைத்த வாளியால் கடல் தண்ணீரை இறைத்து, அதன் சூட்டைப் பார்த்து எழுதுவது உன் வேலை. லீவில் வந்தால் சாப்பிட்டுக்கொண்டே சொல்வாய்: "கடல் ஒரே தண்ணியில்லம்மா. ஒரு நீரோட்டம் சூடா வரும், இன்னொண்ணு குளுந்து வரும். ரெண்டும் முட்டுத எடத்துல கோடு போட்ட மாதிரி நுரை கெடக்கும். மீனெல்லாம் அங்கனதான்."

"கோடு அங்கனயே நிக்குமாலே?"

"எங்க நிக்கும்! மாசத்துக்கு மாசம் நகரும், வருசத்துக்கு வருசம் மாறும். பல கப்பல்ல எழுதுனதைச் சேத்துப் பாத்தாத்தான் புடிபடும்."

"உங்கப்பா மாதிரில்லாலே இருக்கு, தேடுத எடத்துல இருக்காம!" என்றேன். உனக்குப் புரையேறிவிட்டது.

சண்டையில் குண்டு பட்டுக் கப்பல் மூழ்கியபோது இரண்டு படகுகள் தப்பினவாம். ஒன்றில் நீ, மற்றதில் சேவியர். "'போன வருசம் இதே மாசம் கோடு கெழக்கதான் கெடந்துச்சு, அங்கன போனா மீன் கெடைக்கும், மீன்புடிக்கவங்களும் வருவாங்க'ன்னு அண்ணாச்சி கெழக்க துடுப்பு போட்டாரு ஆச்சி. எங்க துடுப்பு ஒடஞ்சிட்டு. நாங்க கெடந்த எடத்துலயே கெடந்தோம்."

கிடந்தவர்களை ஒரு கப்பல் ஏற்றிக்கொண்டது. அது உன்னைத் தேடிக் கிழக்கேயும் போனது. சேவியர் வழிநெடுக வாளியை விட்டு இறைத்துப் பார்த்தானாம். எங்கும் ஒரே சூடு. நுரை இல்லை, பறவை இல்லை. அந்த வருஷம் கோடு அந்தப் பக்கமே வரவில்லை.

எனக்குச் சொன்னதை நீயே எப்படி மறந்தாய், ராசா? தாகம் மறக்கடித்ததா? அல்லது, கூட இருந்தவர்களுக்கு ஏதாவது ஒரு திசையைச் சொல்ல வேண்டியிருந்ததா?

"வேற கரையில ஒதுங்கியிருப்பானா?" என்று கேட்டேன். சேவியர் காப்பி டம்ளரையே திருப்பிக்கொண்டிருந்தான்.

உன் கப்பல் மூழ்கியதாகத் தந்தி மட்டும் வந்திருந்த போன ஆடி அமாவாசைக்கு, உனக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க நாயகம் குற்றாலம் கிளம்பினான். "உசுரோட இருக்கவனுக்கா எறைக்கப் போற?" என்று வாசலிலேயே மறித்தேன். உன் பெண்டாட்டி செல்லம்மாள் அன்று கேட்டாள்: "நான் பூ வைக்கவா வேண்டாமான்னு அந்தக் கடல்கிட்ட போயா கேக்க, அத்தை?"

"நான் சொல்லுதேன், வையி" என்றேன்.

சேவியர் போனபின் அவள் என்னைக் கேட்கவில்லை. தலையிலிருந்த பூவை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, உலை கொதிக்கிறது என்று உள்ளே போய்விட்டாள். அந்தப் பூவை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

வருகிற அமாவாசைக்கு நாயகத்தை மறிக்க மாட்டேன். அருவிக்கரைக்கு நானும் கூடப் போவேன். அவன் இறைக்கும்போது அழாமல் நிற்பேன். கடிதத்துக்குக் கடிதம், புதுசாய் ஒரு போட்டோ பிடித்து அனுப்பு என்று உன்னை நச்சரிப்பேனே, இனி கேட்க மாட்டேன். பழைய போட்டோவைச் சட்டம் போட நாயகம் கொண்டுபோயிருக்கிறான்.

உன்னைப் பெற்றவள்,
உன் பிள்ளைகளுக்கு ஆச்சி